ஒரு மூச்சு முன்னால்

பாட்டு தொடங்குவதற்கு முன்பே டேப்பில் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

டெல்ஃபா டாலிவர் தலையைச் சாய்த்துக் கேட்டாள். முதலில் மெல்லிய இரைச்சல். பிறகு ஒரு பெண் நெஞ்சு நிறைய மூச்சு வாங்கும் சத்தம். அதன் பின்னால் இன்னொரு மூச்சு, அதற்கும் பிறகுதான் டெல்ஃபாவின் சொந்தக் குரல் எழுந்தது: "ஆத்துத் தண்ணி வாசல் ஏறட்டும், நான் எறங்கப் போறதில்ல." இரண்டாவது மூச்சு அவளுடையது. சிறுவயதில் பருத்திக் காட்டு வண்டியிலிருந்து விழுந்து மூக்குடைந்ததால் மூச்சை இழுக்கும்போது அவளுக்கு லேசாக ஒரு விசில் வரும். அந்த விசில் இரண்டாவது மூச்சில் இருந்தது.

முதல் மூச்சிலும் இருந்தது.

"மிஸ்டர் க்ரீச், இன்னொரு தடவ போடுங்க" என்றாள்.

லைல் க்ரீச் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். ஸ்டுடியோ அவனுடையது. ஒரு காலத்தில் மெம்ஃபிஸ் நகரத்துக்கே ஐஸ் கட்டி போன தொழிற்சாலை அது; ஜன்னலே கிடையாது. சுவர் முழுக்க முழங்கை நீளத் தடிமனில் தக்கைப் பலகை பதித்திருந்தார்கள். வெளியே ஆகஸ்ட் வெயிலில் தார் உருகிச் செருப்பில் ஒட்டினாலும், உள்ளே வந்து கதவைச் சாத்தினால் சிள்வண்டுச் சத்தம் கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும். பழைய அம்மோனியா நெடியும் ஈரத் தக்கையின் வாடையும் மட்டும்தான் மிஞ்சும். அந்தச் சுவர் எந்தச் சத்தத்தையும் திருப்பித் தராது என்று ஊரில் பேர். கை தட்டினால், தட்டிய கையோடு சத்தம் செத்துவிடும்.

"டேப்ப சுத்தி வச்சா ஒரு சுத்து மேல இன்னொண்ணு ஒட்டிக்கிட்டு கெடக்குமில்ல பொண்ணே" என்றான் க்ரீச், ஒலிபெருக்கி வழியாக. "ஈரத் துணியில சாயம் எறங்குற மாதிரி சத்தம் பக்கத்துச் சுத்துக்கு எறங்கிரும். அதான் முன்னாடியே கேக்குது. எல்லா டேப்புக்கும் உள்ள வியாதிதான்."

"எனக்குப் பேரு இருக்கு. மிஸ் டாலிவர்."

"பேரச் சொன்னா பல்லு கொட்டிருமாம் பெரிய மனுசனுக்கு" என்று டிரம்ஸ் வாசிக்கும் டூலி, ஆர்கன் பக்கம் குனிந்து முனகினான். ஆர்கனில் இருந்த ஈனாக் யார்ப்ரோ சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வாசிக்கிறவர்; ஐம்பது வயது. டெல்ஃபாவுக்குச் சபையில் மூத்த சகோதரர், அவள் வாயில் 'அண்ணே'.

டெல்ஃபா அதற்கு மேல் கேட்கவில்லை. இந்த ஆல்பம் அவளுக்கு இரண்டாவது. முதலாவதை எடுத்தவர்கள் அவளை நியூயார்க்குக்குக் கூட்டிப்போய், ரோஜா நிற கவுன் மாட்டி, முப்பது வயலினுக்கு நடுவில் நிறுத்தி, காதலன் காலடியில் விழுந்து அழுகிற பாட்டாகப் பாட வைத்தார்கள். உறையில் அவள் கறுத்த முகத்தை இரண்டு சாயல் வெளுப்பாக்கி அச்சடித்தார்கள். அந்த ரெக்கார்டு வந்த அன்று அவள் அதைக் கேட்டுவிட்டு, கழற்றி, உறைக்குள் போட்டு, அடுப்பு மேடைக்கு அடியில் வைத்தாள். அதன் பிறகு ஒரு வருடம் பிடிவாதமாக நின்றுதான் இதற்கு அவர்களைச் சம்மதிக்க வைத்தாள்: என் பாட்டு, என் ஆட்கள், என் தொண்டை. வயலின் கிடையாது. ஒரு மூச்சுச் சத்தத்துக்குப் பயந்து அதை விட அவள் தயாராக இல்லை.

மறுநாள் மத்தியானம் எடுத்தது 'தாழ்ப்பாள் என் கையில்' என்ற பாட்டு. அவளைக் கைவிட்டுப் போனவன் ஒரு மழை நாளில் திரும்பி வந்து கதவைத் தட்டியபோது, சமையலறையில் நின்றபடி அவள் கட்டியது. ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஈனாக் ஆர்கனில் தாழ்ந்த சுரத்தைப் பிடித்தார். டூலி நுனியில் கம்பி விரிந்த துடைப்பம் போன்ற குச்சியால் டிரம்ஸைத் தடவினான். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் காதுக்குள் அவள் குரல் பாடியது.

"தட்டித் தட்டிக் கை வலிக்கட்டும்..."

அவள் அதே வரியை அதன் பின்னால் பாடினாள். நிறுத்தத் தோன்றவில்லை, பாட்டின் ஓட்டம் இழுத்துக்கொண்டு போனது. ஆனால் தோள்பட்டைக்கு நடுவில் தோல் சுருங்கியது. இது டேப் இல்லை. டேப் இன்னும் சுற்றி முடியவே இல்லை. எந்தச் சுற்றிலிருந்து எந்தச் சுற்றுக்குச் சாயம் இறங்கும்? அந்தக் குரல் அவளுக்கு ஒரு சொல் முன்னால் போய்க்கொண்டிருந்தது, இருட்டில் விளக்குப் பிடித்துக்கொண்டு முன்னே நடக்கிறவள் மாதிரி. எங்கே குரலை உடைக்க வேண்டும், எங்கே இழுக்க வேண்டும், எல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது.

சோதித்துப் பார்ப்போம் என்று நினைத்தாள். அடுத்த அடியில் 'கதவு' என்று வரவேண்டும். வேறு ஒன்றைச் சொல்வோம். என்ன சொல்வது? அவள் இன்னும் யோசிக்கவில்லை.

"ஜன்னல்" என்றது காது.

அவள் வாய் திறந்தது. ஜன்னல் என்றுதான் பாடியது.

பாட்டு முடிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் க்ரீச் கண்களை மூடியிருந்தான். நல்ல சாப்பாடு சாப்பிட்டவன் முகம்.

"உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சே." கண்ணைத் திறக்காமலே சொன்னான். "ரெண்டுமே பிரமாதம்."

*

அன்று மாலை ஈனாக் அவளைத் தன் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். வழியில், பன்றி இறைச்சி சுடும் கடைகளின் புகை காருக்குள் நுழைந்தபோது, "தங்கச்சி, அந்த ஆத்துப் பாட்டுல ரெண்டாவது அடி கொஞ்சம் பாடு. எனக்கு அந்த வளைவு பிடிபடவே இல்ல" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். சொற்கள் ஞாபகம் இருந்தன. முதல் சொல்லைத் தொண்டைக்குக் கொண்டுவந்தாள். அங்கே பாட்டு இல்லை. இருட்டில் நம்பிக் காலை வைத்த இடத்தில் படி இல்லாமல் போனது போல. வெறும் காற்று வந்தது. தாழ்ப்பாள் பாட்டை முயன்றாள். அதற்கும் காற்றுதான். போன வாரம் ஒலிப்பதிவு செய்த மற்ற நான்கையும் ஒவ்வொன்றாகத் தேடினாள். பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவது போல. பதிவு செய்யாத பழைய தேவாலயப் பாட்டு ஒன்றை எடுத்ததும் குரல் கணீரென்று வந்தது. கார் கண்ணாடி அதிர்ந்தது.

ஈனாக் காரை ஓரமாக நிறுத்தினார். கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"ஆல்மெட்டா ஃபாயைத் தெரியுமா ஒனக்கு?"

"யாருக்குத் தெரியாது? காலையில ரேடியோவத் திறந்தா அவதான்."

"நாலு வருசம் முன்னாடி இங்கதான் பாடினா. அதுக்கப்புறம் அவ மேடை ஏறி யாரும் பாக்கல. நரம்புக் கோளாறுன்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்."

"வீடு தெரியுமா அண்ணே?"

"தெரியும். ஆனா அங்க போயி என்ன செய்யப் போற?"

"பாக்கப் போறேன். பாக்காம பயந்துக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றீங்களா?"

மறுநாள் காலை போனாள். சிறிய, சுத்தமான வீடு. ஆல்மெட்டாவின் கணவன் சமையலறைக்குக் கூட்டிப்போனான். காராமணியை உரித்துப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். டெல்ஃபாவைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவள். தலை நன்றாக வாரியிருந்தது. வெள்ளைச் சட்டையில் கஞ்சி மொடமொடத்தது. ஆனால் உதடுகள் வெடித்துக் காய்ப்புக் காய்த்திருந்தன, ஓயாமல் வேலை செய்கிற கை மாதிரி.

"ஆல்மெட்டா அக்கா, நான் டெல்ஃபா. க்ரீச்கிட்ட பாடிக்கிட்டிருக்கேன்."

விரல்கள் உரிப்பதை நிறுத்தின. ஆல்மெட்டா வாயைத் திறந்தாள். எதுவும் வரவில்லை. முனகல்கூட இல்லை. அவள் டெல்ஃபாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினாள். நகம் தோலில் பதிந்தது.

பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோவைத் திறந்தார்கள்.

ஆல்மெட்டாவின் பாட்டு. ஊரே முணுமுணுக்கிற பாட்டு, மதில் தாண்டித் தெளிவாக வந்தது. சமையலறை நாற்காலியில் ஆல்மெட்டாவின் முதுகு நிமிர்ந்தது. அவள் வாய் திறந்தது. ரேடியோ ஒரு சொல்லைப் பாடியது. ஒரு மூச்சு கழித்து அந்தச் சொல்லை அவள் உதடுகள் வடித்தன, சத்தமில்லாமல். அடுத்த சொல். அடுத்தது. நாக்கு உள்ளே புரண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்கள் மட்டும் பாடவில்லை. கண்கள் டெல்ஃபாவையே பார்த்தன.

கணவன் ஒரு துண்டை எடுத்து அவள் உதட்டோரம் கசிந்த ரத்தத்தைத் துடைத்தான். பழகிய கை. "இது நாலாவது வீடு" என்றான். "எங்க போனாலும் பக்கத்துல ஒரு ரேடியோ இருக்கு."

*

"இனிமே அங்க போக வேணாம்" என்றார் ஈனாக். "மீதிப் பாட்டாவது ஒன்கிட்ட இருக்கட்டும்."

டெல்ஃபா காரின் கதவைச் சாத்தினாள். ஐஸ் தொழிற்சாலையின் சுவர் வெயிலில் வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது.

"நான் போகலன்னா ஆறு பாட்டும் அங்கயே கெடக்கும். நாளைக்கு ரேடியோவுல வரும். நான் பேசாம இருந்தாலும் என் வாயி பேசாம இருக்காது. அந்த அக்கா வாயப் பாத்துட்டு வந்தேன் அண்ணே." அவள் குரல் நடுங்கியது, பயமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. கோபம் என்று வைத்துக்கொண்டாள். "மொத ஆல்பத்துல என் மூஞ்சிய எடுத்துக்கிட்டாங்க. விட்டேன். இத விடமாட்டேன்."

"என்ன செய்யப் போற?"

"அது முன்னாடி போகுது, நான் பின்னாடி போறேன். அதானே நடக்குது? இன்னைக்கு நான் பின்னாடி போகப் போறதில்ல. நீங்க வாசிங்க. என்ன நடந்தாலும் நிறுத்தாதீங்க."

டூலி ஏற்கெனவே உள்ளே இருந்தான். "என்ன, எழவு வீட்டுலருந்து வர்ற மாதிரி வர்றீங்க ரெண்டு பேரும்?" என்றவன், அவள் முகத்தைப் பார்த்ததும் குச்சிகளைக் கையில் எடுத்தான்.

கதவு சாத்திக்கொண்டது. சிள்வண்டுச் சத்தம் செத்தது. அம்மோனியா. ஈரத் தக்கை. உச்சி வேளையிலும் அந்த அறையின் மூலைகளில் விளக்குக்குப் பிடிபடாத இருட்டு, கழுவாத பாத்திரத்தின் அடியில் கரி ஒட்டியிருப்பது போல ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் மைக் முன்னால் நின்று ஹெட்போனை மாட்டினாள். க்ரீச் விரலை உயர்த்தினான். டேப் சுற்றத் தொடங்கியது.

ஆர்கன் மெல்ல எழுந்தது. நான்கு தாளம். மூக்கில் விசிலோடு அந்த மூச்சு.

"மண்ணுல போட்டாலும் மொளைப்பேன்..."

அவளுடைய புதுப் பாட்டின் முதல் வரி. அழகாகப் பாடியது. அவளைவிட அழகாக.

டெல்ஃபா வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

அது நின்றது. அவள் வரவேண்டிய இடத்தில் அவளுக்காகக் காத்திருந்தது. ஆர்கன் மட்டும் ஊர்ந்தது. பிறகு அதே வரியை மறுபடி பாடியது. வழி தவறிய குழந்தையைத் திரும்பி வந்து கூப்பிடுகிறவள் போலக் கனிவாக.

அவள் அசையவில்லை.

ஈனாக் தலையை நிமிர்த்திப் பார்த்தார். நிறுத்த வேண்டாம் என்று கையால் காட்டினாள். குளிர் கணுக்காலில் தொடங்கி ஏறியது. குரல் ஹெட்போனில் இல்லை இப்போது. இன்னும் உள்ளே. காதுக்கும் தாடைக்கும் நடுவில். அவள் நாக்கு தானாக எழுந்தது. 'மண்ணுல' என்று பாட உதடு பிரியப் பார்த்தது. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து அழுத்தினாள். பல் நாக்கில் இறங்கியது. ரத்தம். உப்பு.

என் வாய்.

என் வாய் இது.

க்ரீச்சின் பெட்டியில் ஒலி அளக்கும் முள் துடித்துத் துடித்துச் சிவப்பில் மோதியது. அறையில் யாரும் பாடவில்லை.

"பாடு பொண்ணே!" என்றது ஹெட்போன், க்ரீச்சின் குரலில்.

கண்ணாடிக்குப் பின்னால் க்ரீச் அப்போதுதான் மைக்குக்குக் குனிந்தான். அவன் வாய் அசைந்தது. பாடு, பொண்ணே.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன இது" என்றது காது. என்ன இது, என்றன அவன் உதடுகள்.

"நிறுத்து" என்றது. நிறுத்து, என்றன.

தன் வாயும் இப்போது அதன் பின்னால்தான் போகிறது என்று அவனுக்கு அப்போது புரிந்தது. அவள் அவன் முகத்தில் அது புரிவதைக் கண்டாள். அவன் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

"மண்ணுல போட்டாலும் மொளைப்பேன்."

க்ரீச்சின் வாய் திறந்தது. அதிலிருந்து டெல்ஃபாவின் குரல் வந்தது.

டூலி குச்சிகளைப் போட்டுவிட்டு எழுந்தான். "ஏசுவே" என்றான். கதவு திறந்து வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. அவன் ஓடுகிற சத்தம். ஈனாக்கின் கைகள் ஆர்கனை விட்டு எழுந்துவிட்டன. பாட்டு நிற்கவில்லை. புதுப் பாட்டை முடித்து ஆற்றுப் பாட்டுக்குப் போனது. அதிலிருந்து தாழ்ப்பாளுக்கு. ஹெட்போனைக் கழற்றித் தரையில் போட்டாள். கண்ணாடி வழியாகவே கேட்டது. எந்தச் சத்தத்தையும் திருப்பித் தராத சுவர்கள் நான்கிலிருந்தும் கேட்டது.

ஆற்றுப் பாட்டோடு சேர்ந்து பாடிப் பார்த்தாள். தன் பாட்டு. தொண்டையில் காற்று. அது போய்விட்டது. ஆறு பாட்டும் போய்விட்டன. மீட்கலாம் என்று வந்தாள்; மீட்க அங்கே ஒன்றுமில்லை. க்ரீச்சின் பின்னால் டேப் தீர்ந்து, அறுந்த வால் சக்கரத்தோடு சுற்றிப் பட் பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் வாய் ஓயவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவன் கண்கள் அவளைக் கெஞ்சின.

"தங்கச்சி, வா. போயிரலாம்." ஈனாக்கின் குரல் கிழிந்திருந்தது.

"நீங்க போயி வண்டிய எடுங்க அண்ணே. வர்றேன்."

"டெல்ஃபா..."

"வர்றேன்னு சொன்னேன்ல."

அவர் போனார். அவள் கண்ணாடியை நோக்கி நடந்தாள், தன் முகமும் அவன் முகமும் ஒன்றன் மேல் ஒன்று விழும் அளவுக்குக் கிட்டே. வாயிலிருந்த ரத்தத்தை விழுங்கினாள்.

"எடுத்துக்கிட்டது எடுத்துக்கிட்டதாவே இருக்கட்டும்" என்றாள் கண்ணாடியைப் பார்த்து, க்ரீச்சிடம் அல்ல, அவன் வாயிலிருந்த குரலிடம். "அதெல்லாம் நான் செஞ்சது. கிணத்தையா எடுத்துட்ட? வாளியத்தான எடுத்த?"

மூச்சை இழுத்தாள். அறையில் ஒரே ஒரு விசில். அவளுடையது மட்டும். யோசிக்காமல், எழுதாமல், எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் ஒரு வரியை எடுத்துப் பாடினாள். அது அந்த நிமிடம் வரை உலகத்தில் இல்லாத வரி.

"எம்பேரு வேணுமா, இந்தா, தூக்க முடிஞ்சாத் தூக்கிப் பாரு."

க்ரீச்சின் வாய் நின்றது.

பாட்டு தொடங்கியபின் முதல் தடவையாக அந்த அறையில் எந்தக் குரலும் இல்லை. அவன் உதடுகள் பிளந்தபடி, அடுத்தது எதுவென்று தெரியாத வாயாக, காற்றைத் தடவின. பிறகு மெதுவாக, முதல் எழுத்தை எழுதப் பழகும் கை போலத் தடுமாறி, அவள் பாடிய வரியை அவள் பின்னால் வடித்தன.

டெல்ஃபா சிரித்துவிட்டாள். உரக்க. கண்ணாடி அதிர்ந்தது.

"பின்னாடி வா" என்றாள். "இனிமே நீ பின்னாடி வா."

வரியை மறுபடி பாடினாள், இன்னும் மேலே எடுத்து. அது பின்னால் வந்தது. இன்னொரு வரி. பின்னால் வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் சீக்கிரம். இன்னொன்று. இன்னும் சீக்கிரம். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அவளும் அதுவும் இப்போது ஒரே சொல்லில் நின்றார்கள், தோளோடு தோள். சுவருக்குள் தக்கை முனகியது. வெளியே ஈனாக்கின் கார் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது. கதவு அவளுக்குப் பின்னால் திறந்தே இருந்தது. வெயில் அவள் குதிகால் வரை வந்து சுட்டது. ஓடினால் ஓடிவிடலாம்.

ஓடவில்லை. அடுத்த வரியைத் தொண்டையின் அடியிலிருந்து பிடுங்கி எடுத்து அதன் முகத்தில் எறிந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் க்ரீச்சின் உதட்டோரம் இரண்டும் காதை நோக்கி மெல்லக் கிழிந்தன. தாடை எலும்பு இடம் பெயர்ந்தது. வாய் இன்னும் அகலமாகத் திறந்தது, அவள் பாடப்போகும் அத்தனைக்கும் இடம் விட்டு.